கன்னி மூலையில் ஒரு நீலக் குழாய்

என் விசிட்டிங் கார்டில் 'வீட்டு ஆய்வாளர்' என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்த முக்கால்வாசிப் பேர், "வாஸ்து பாக்கறவங்களா?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் நான் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவள் என்று நினைத்து மீட்டர் பெட்டியைக் காட்டினார்கள்.

சிவில் இன்ஜினீயரிங் முடித்து, இரண்டு கட்டுமான நிறுவனங்களில் சேர்ந்து, இரண்டிலும் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் வெளியே வந்திருந்தேன். வெளிநாடுகளில் ஆள் வைத்துச் சோதிக்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அடுத்த வாரமே ஒரு டார்ச், சரிவு பார்க்க ஒரு ரசமட்டம், சுவரின் ஈரத்தைக் காட்டும் ஒரு சின்னக் கருவி வாங்கி சேலத்தில் தொழிலைத் தொடங்கிவிட்டேன். வெளிநாட்டுக்கும் சேலத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தை அந்த வீடியோ சொல்லவில்லை. இங்கே வீடு வாங்க வருகிறவர்கள் தண்ணீர் உப்பா என்று பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்று விசாரிப்பார்கள், கன்னி மூலை, அதாவது தென்மேற்கு மூலை, மற்ற மூலைகளைவிட உயர்ந்து நிற்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கக்கூஸ் கதவை மட்டும் திறக்க மாட்டார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் காபி குடித்துவிட்டுக் கக்கூஸை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. இருபது வருடம் புழங்கப்போகிற இடத்தைக் கிரயம் முடிந்த பிறகுதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள்.

அந்த மரியாதையை மீறுவதுதான் என் தொழில். நாலு மாதத்தில் மூன்று வீடு கிடைத்திருந்தது. அதில் இரண்டு என் சித்தப்பாக்களுடையது.

அப்போதுதான் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"நீங்க ஊடு பாத்துச் சொல்றவங்களாங்க?"

"ஆமாங்க. ஆனா வாஸ்து இல்லீங்க."

"வாஸ்து எல்லாம் பாத்தாச்சுங்க. எனக்கு ஒரு மூக்குத்தான் வேணும்."

அவருக்குக் கோழிப் பண்ணை. இருபது வருடமாகக் கொட்டகைக்குள் புழங்கிப் புழங்கி மோப்பம் சுத்தமாகப் போய்விட்டது. "கோழிப் பண்ணைக்காரிக்கு மூக்கு எதுக்குங்க, இருந்தாத்தான் தொந்தரவு" என்று அவரே சிரித்தார். பிறகு சிரிக்காமல் மீதியைச் சொன்னார்.

ஒரே மகள். போன வருடம் அவளை சேலத்தில் ஒரு பள்ளியில் சேர்த்து, அஸ்தம்பட்டியில் வாடகைக்கு வீடு பிடித்துத் தாயும் மகளும் இருந்தார்கள். வந்த முதல் வாரமே மகள், "அம்மா, நாத்தம் தாங்கல" என்றாள். அம்மா வீடு முழுக்கச் சுற்றி மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. படிக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு சாக்குச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். எட்டு மாதம் அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து வைத்து, கொசுக்கடியில் படித்தாள். ஒரு நாள் அம்மாவின் தங்கை ஊரிலிருந்து வந்தார். வாசலைத் தாண்டியதும் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

"என்ற புள்ள சொன்னத நம்புலீங்க. என்ற தங்கச்சி முந்தானைய நம்புனேன்" என்றார்.

இப்போது மகள் பிளஸ் டூ. நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். காலையும் மாலையும் ஒன்றரை மணி நேரம். சேலத்தில் சொந்தமாகவே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்றதற்கு, வாங்குங்கள், ஆனால் இன்னொரு தடவை நாற்றத்தில் உட்கார்ந்து படிக்க மாட்டேன், பஸ்ஸே மேல் என்று சொல்லிவிட்டாளாம்.

ஃபேர்லேண்ட்ஸில் அவர்கள் பார்த்து வைத்திருந்த வீடு போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவருடையது. திருச்செங்கோட்டுக்காரர், வயது எழுபதைத் தொட்டிருக்கும், தொழிலை மகனிடம் விட்டுவிட்டு ஊரோடு போய்விட முடிவு செய்திருந்தார். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, இரண்டுக்கும் குளியலறை வடமேற்கில், ஒன்றன்மேல் ஒன்றாக. நான் ரசமட்டத்தை எடுத்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஏனுங் அம்மிணி, ஆயரம் அடி பூமிக்குள்ள பைப் எறக்குனவன் நான். என்ற ஊட்டுப் பைப்ப நீ பாக்கறயா?"

"எறங்குற பைப் நீங்க பாத்திருப்பீங்க அய்யா. நான் கழிவு போற பைப் பாக்கறேன்."

"வாய் இருக்குது புள்ளைக்கு" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே கோயிலுக்குள் வந்ததுபோல் இருந்தது. அவர் மனைவி சாம்பிராணித் தூபக்காலோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தார். நான் ஆழமாக மூச்சை இழுத்து, எவ்வளவு தெய்வீகமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் பார்த்தேன். சமையலறைத் தொட்டியின் வடிகுழாய்க்குச் சரிவு போதவில்லை. மேல்மாடி கீசரில் பாதுகாப்பு வால்வு இல்லை. குளியலறைத் தரை வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மேலே பிளஷ் செய்தால் கீழே தரை வடிகாலில் குடுகுடுவென்று சத்தம் வந்தது. அதை 'ஒலி, சிறு குறை' என்று எழுதினேன். மொட்டை மாடிக்குப் போய், ஏற்காட்டு மலை பின்னால் வருகிற மாதிரி, குளிர்கண்ணாடி போட்டு ஒரு செல்பி எடுத்தேன். மாலையில் பதினான்கு பக்க அறிக்கை தயார். இருபத்து மூன்று குறைகள். கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: துர்நாற்றம், இல்லை.

அந்த அம்மாவிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது. "ரொம்ப சந்தோசமுங்க. உங்க மூக்க நம்பித்தான் புள்ளைகிட்டச் சொல்லீட்டேன். வியாழக்கெழம அட்வான்ஸ் குடுத்தர்றோம்."

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை காலை, செல்பியை இன்ஸ்டாகிராமில் போடுவதற்காக வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தேன். என் இடது தோளுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவர் உயரத்தில் ஒரு குழாய் நின்றது. நாலு அங்குலக் குழாய். சுவரோடு மட்டமாக அறுத்து, மேலே மூடி போட்டு, சுவருக்கு அடித்த அதே சந்தன நிறப் பெயின்டை அதற்கும் அடித்திருந்தார்கள். அந்த வீட்டில் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் அந்தக் குழாய் விழுந்திருந்த ஒரே படம் இதுதான். வீட்டைப் பார்த்தபோது கண்ணில் படாதது, என்னை நானே பார்த்துக்கொண்டபோது பட்டது.

அது கக்கூஸ் குழாயின் மூச்சுக்குழாய். செப்டிக் டேங்கிலிருந்து கிளம்பும் வாயு வீட்டுக்குள் வராமல் இருக்க ஒவ்வொரு வடிகாலின் அடியிலும் ஒரு வளைவு இருக்கும். அதில் நிற்கிற தண்ணீர்தான் வாயுவைத் தடுக்கும் கதவு. மேலே பிளஷ் செய்யும்போது தண்ணீர் சரேலென்று இறங்கும். அதன் பின்னால் காற்று வர வழி வேண்டும். மாடியில் மூச்சுக்குழாய் திறந்திருந்தால் அந்த வழியாக வரும். மூடியிருந்தால் கீழ் வடிகாலின் வளைவில் இருக்கும் தண்ணீரைக் குடுகுடுவென்று உறிஞ்சி எடுத்துக்கொண்டு காற்று வரும். அப்புறம் கதவு இல்லை. நான் 'சிறு குறை' என்று எழுதியது அந்தக் கதவு பிடுங்கப்படும் சத்தத்தை.

போனில் சொன்னேன். அந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அப்ப நாத்தம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"தெரியலீங்க. சாம்பிராணி போட்டிருந்தாங்க."

"உங்களுக்கு மூக்கு இருக்குதில்லீங்க?"

ஸ்கூட்டரை எடுத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு மணிக்கு ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் போய் நின்றேன். பூஜை நேரமில்லை. சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

"அம்மா, தினமும் போடுவீங்களா?"

"செவ்வாய் வெள்ளி போட்டுட்டிருந்தேன் கண்ணு. இந்த ரெண்டு வருசமா நெதமும் மூணு வாட்டி போடறேன். போட்டாத்தான் ஊட்டுக்குள்ள இருக்க மனசு வருது."

"அந்த மாடிக் குழாயை எப்பங்க அறுத்தீங்க?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார். இரண்டு வருடம் முன்பு ஆந்திராவில் அவருடைய ரிக்கின் துளைக் கம்பி அறுநூறு அடியில் சிக்கிக்கொண்டது. ஒரு மாதம் வெளியே வரவில்லை. வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். அவர் மாடியில் ஏறி, வடமேற்கில் நின்ற அந்தக் குழாய் கன்னி மூலைத் தண்ணீர்த் தொட்டியைவிட ஒரு சாண் உயரம் என்று கண்டுபிடித்தார். கன்னி மூலையைவிட எதுவும் உயரக் கூடாது. அன்றைக்கே அறுத்து மூடிவிட்டார்கள்.

"அறுத்த பத்தா நாளு கம்பி வெளிய வந்துருச்சு அம்மிணி."

"எப்படிங்க வந்தது?"

"கிரேன் வெச்சு இழுத்தோம்."

நான் சிரிக்கவில்லை. வடமேற்குக்கு வாஸ்துவில் வாயு மூலை என்று பெயர். அங்கேதான் வாயுவின் வாயை அடைத்திருந்தார்கள். அதையும் சொல்லவில்லை. ஒரு சோதனை செய்து காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். புகை போட்டுப் பார்க்கலாமே என்று வீட்டுக்காரர் தூபக்காலைக் கைகாட்டினார். அந்தக் குழாய்க்குள் இருப்பது பற்றிக்கொள்ளும் வாயு, நெருப்பை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லித் தடுத்தேன். வேறு வழி ஒன்று இருந்தது. முதலில் மேலும் கீழும் பலமுறை பிளஷ் செய்வது. பிறகு மாடிக் குழாயின் மூடியை அறுத்து, யூகலிப்டஸ் தைலத்தை ஒரு வாளி வெந்நீரோடு ஊற்றி, ஈரத்துணியால் வாயைக் கட்டிவிடுவது. வளைவுகளில் தண்ணீர் இருந்தால் வீட்டுக்குள் ஒன்றும் வராது. இல்லாவிட்டால் தைலம் மணக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஊற்றுகிறவரின் கையெல்லாம் தைலமாக இருக்கும், அவர் வீட்டுக்குள் வரக் கூடாது. எனவே மோந்து பார்க்க வேறு மூக்கு வேண்டும். வீட்டுக்காரர்கள் இருவரின் மூக்கும் இரண்டு வருடச் சாம்பிராணியில் ஊறியது. அன்று மாலை வாங்குகிற அம்மாவுக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். அவர் இழுத்து இழுத்துச் சொன்னார்: "அப்ப என்ற புள்ளையத்தான் கூட்டியாரோணும்."

புதன்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் வந்தார்கள். சீருடை, முதுகில் பை, இரட்டைச் சடை. மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாத்தம் இல்லைன்னு எழுதுன அக்கா நீங்கதானா?"

"ஆமா."

"சரி, மாடிக்குப் போங்க."

போனேன். சாம்பிராணியைக் காலையிலிருந்தே நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஊற்றி, துணியைக் கட்டி, நாலரை மணி வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். கைப்பேசி ஸ்பீக்கரில் அவள் அறை அறையாகப் போவது கேட்டது.

"ஹால்ல இல்ல. கிச்சன்ல இல்ல. பூஜை ரூம்ல விபூதி."

"சாமி, நிதானமா மோந்து பாரு" என்று வீட்டுக்காரர் குரல்.

"தாத்தா, நீங்க வெத்தலைய துப்பீட்டு வாங்க." கொஞ்ச நேரம் காலடிச் சத்தம். பிறகு, "அக்கா. கீழ் பாத்ரூம். யாரோ நெஞ்சுக்குத் தைலம் தேச்சுட்டு உள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்குது."

வீட்டுக்காரர் தனக்கும் வருகிறது என்றார். அவர் மனைவி, "சளி புடிச்சவிய பக்கத்துல நின்னாப்புல" என்றார். அவர்கள் மூக்குக்கே எட்டியிருக்கிறது என்றால் நன்றாகத்தான் வந்திருக்க வேண்டும். யாரோ மூச்சை இழுப்பது மட்டும் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அது அந்த அம்மா என்று தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலயே" என்றார். பிறகு மெதுவாக, "போன வருசமும் இப்புடித்தானா கண்ணு?"

"இல்லம்மா. அங்க தைலம் போடல."

விஷயம் முடிந்தது என்று நான் இறங்கி வாசல் வரைக்கும் வந்தேன். குறை நிரூபணமாகிவிட்டது, குழாயை நாலடி உயர்த்தினால் சரியாகிவிடும், இருநூறு ரூபாய் வேலை. பொறியியல் படித்தவர்கள் இப்படித்தான் நினைப்போம். வாசற்படிக்கு வெளியே நின்றபடி இதைச் சொன்னேன். உள்ளே நாலு பேரும் நான் ஏதோ தகாத வார்த்தை சொன்னதுபோல் பார்த்தார்கள்.

"கன்னி மூலைக்கு மேல போயிருமுங்களே" என்றார் வாங்குகிற அம்மா. வாஸ்து சரியாக இருக்கிறது என்றுதான் அவர் இந்த வீட்டையே பிடித்தார். நாற்றம் வேண்டாம், வாஸ்துவும் கெடக் கூடாது.

"ரிக்கு இப்ப ராஜஸ்தான்ல ஓடிட்டிருக்குது" என்றார் வீட்டுக்காரர். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது அவர் முகத்தில் இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் முதல் தடவையாக ஒரே கட்சியில் நின்றார்கள், எனக்கு எதிராக. நான் காற்றழுத்தம் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

"அம்மிணி, காத்து எனக்குத் தெரியும். கம்ப்ரசர் வெச்சுப் பொழச்சவன். மண்ணெண்ணெய்க் கேன்ல ரெண்டாவது ஓட்டை போடாம ஊத்துனா என்ன ஆகும்னும் தெரியும். நீ சொல்றது செரி. ஆனா முடியாது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்ற அந்தப் பெண் சொன்னாள்: "அப்ப கன்னி மூலைய ஏத்துங்க. நாமக்கல் பஸ் அஞ்சே காலுக்கு, நான் போகோணும்."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். ஆயிரம் அடி இறக்கியவருக்குப் பத்தடி ஏற்றுவது பெரிய வேலையா?

"குடோன்ல கேசிங் பைப் கெடக்குது" என்றார்.

அட்வான்ஸ் தள்ளிப்போனது. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, அவருடைய பழைய ரிக் ஆட்கள் மூன்று பேர், போர்வெல்லுக்குள் இறக்கும் ஏழங்குல நீலக் குழாய் ஒன்றைக் கன்னி மூலையில் தூக்கி நிறுத்தினார்கள். பத்தடி. நாலு கிளாம்பு போட்டு இறுக்கினார்கள். அது சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க என் ரசமட்டத்தைக் கேட்டார் வீட்டுக்காரர். நாலு மாதமாக நான் தூக்கிக்கொண்டு திரிந்த அந்தக் கருவிக்கு முதன்முதலாக மரியாதை கிடைத்தது, எங்கேயும் போகாத, எதுவும் ஓடாத ஒரு குழாயை நேராக நிறுத்துவதற்கு. மழைத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று அதன் தலைக்கு ஒரு மூடியும் போட்டார். பிறகுதான் வடமேற்கில் மூச்சுக்குழாயை நாலடி உயர்த்தி, கொசுவலை கட்டித் திறந்து விட்டோம். அது நீலக் குழாயைவிட எவ்வளவு தாழ்வு என்று அவர் டேப் வைத்து இரண்டு தடவை அளந்தார்.

அதே ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி சோதனை. வளைவுகளில் தண்ணீர் நிரப்பி, மேலும் கீழும் பிளஷ் செய்தோம். குடுகுடு சத்தம் இல்லை. தைலம் ஊற்றி மாடியிலேயே உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஸ்பீக்கரில் வெகுநேரம் அந்தப் பெண்ணின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. கதவுகள் சாத்தப்பட்டன, திறக்கப்பட்டன. கீழ்க் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை அவள். மீதி வருடமும் தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸா, இல்லையா என்று அங்கே நின்று முடிவு செய்துகொண்டிருந்தாள்.

"இருக்குதா கண்ணு?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"ம்."

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்து எழுந்து நின்றேன். விளக்கம் தயாராக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கீழே, "அவ சொல்லீட்டாளுங்க. நாளைக்கே அட்வான்ஸ் வெச்சர்லாம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்வது கேட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அறிக்கையைத் திருத்தி எழுதியபோது அந்த நீலக் குழாயை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை. கடைசியில் 'தென்மேற்குக் குழாய்: பயன், இல்லை. நிலை, மிக நன்று' என்று எழுதினேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பால் காய்ச்சினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் அந்தத் தெருவிலிருந்து எனக்கு இரண்டு போன் வந்துவிட்டது. இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: கன்னி மூலைக்கு அந்த நீலக் குழாய் நீங்கள்தான் போட்டுத் தருகிறீர்களா?

ஹால் நிறைய ஒறம்பரைச் சொந்தங்கள். நெய்ப் புகை, மல்லிகைப்பூ, புதுப் பெயின்ட் வாசனை, பந்திக்குத் தாளிக்கிற வாசனை. எதிலிருந்து எது வருகிறது என்று என் மூக்குக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா பட்டுப்புடவையில் வாசலில் நின்று, வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் மாடிப்படியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். தலையைத் தூக்கினாள்.

"அம்மா, ஏதோ அடிப்புடிக்குது."

சுற்றி நின்ற பெண்கள் மூக்கை இழுத்துப் பார்த்து, ஒன்றுமில்லையே என்றார்கள். அவள் சித்தி, "பசி வந்துருச்சு, அதுதான்" என்று கிண்டல் செய்தார். அந்த அம்மா குங்குமச் சிமிழை என் கையில் திணித்துவிட்டு, எதுவும் கேட்காமல், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

பாயசம். அடியில் லேசாகத்தான் பிடித்திருந்தது.